ஜெபராணியின் நம்பர்

உள்பக்கமா வாங்க, இந்த மைதானத்து வளைவுல ஒரு குழி கிடக்கு. மழைக்கு விழுந்த குழி. மூணு தடவை எழுதிக் கொடுத்தாச்சு, மண்ணு போட ஒரு ஆளு வரலை. போன மாசம் ஒரு போலீஸ்காரர் இதுல காலைப் பிசக்கிக்கிட்டு நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போனார். ம், அவ்வளவுதான். இனி கண்ணை மூடிக்கிட்டு ஓடலாம்.

பாங்க்குக்கு மாத்தலாகி வந்திருக்கியன்னு வாட்ச்மேன் சொன்னான். தனியா ஓடிக்கிட்டு இருந்தியல்லா, அதான் கூப்பிட்டேன். நான் செண்பகவல்லி. கேர்ள்ஸ் ஸ்கூல்ல தையல் டீச்சர். நீங்க பதில் சொல்லாண்டாம், மூச்சு வீணாப் போகும். நான் பேசிக்கிட்டே ஓடிப் பழகுனவ. பேசிக்கிட்டு ஓட முடியுதுன்னா அதுதான் சரியான வேகம்னு ஓட்டப் பயிற்சி புஸ்தகத்துலயே போட்டிருக்கு. நான் சும்மா சொல்லலை.

எனக்கும் ஒரு கூட்டாளி உண்டு. ஜெபராணின்னு பேரு. ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸ். உண்டுன்னு சொல்லணுமா, இருந்தான்னு சொல்லணுமான்னு எனக்கே தெரியலை. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வியாழன், ஞாயிறு நானும் அவளும் ஓடுத நாளு. ஆறு வருஷமா அப்படித்தான். ஞாயித்துக்கிழமை ரேஸ் முடிஞ்சு வாரது இதுதான் முதல் செவ்வாய். வருவாளா மாட்டாளான்னு அஞ்சு மணியில இருந்து அந்தக் கேட்டையே பாத்துக்கிட்டு ஓடுதேன். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நானும் போன் பண்ணலை, அவளும் பண்ணலை.

என்ன நடந்துச்சுன்னு கேக்கிய. கேக்கலையா, சரி, சொல்லுதேன். யாருகிட்டயாவது சொல்லாம இருந்தா எனக்கு வயிறு வெடிச்சிரும். வீட்டுல சொன்னேன், அவரு பேப்பரை விட்டு தலையே தூக்கலை.

இந்த வான்மதின்னு ஒருத்தி வந்தால்லா, அதுல இருந்துதான் எல்லாம். விவசாய ஆபீஸுக்கு தர்மபுரியில இருந்து வந்தவ. முப்பது வயசு இருக்கும். ஒல்லியா, கழுத்து நீளமா, காலு ரெண்டும் மூங்கில் கம்பு மாதிரி. வந்தா, 'வணக்கம் அக்கா'ன்னா, ஓட ஆரம்பிச்சா. அதுக்கு மேல அவ வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கணும்னா நாம வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும். எனக்கு ஆரம்பத்துலயே பிடிக்கலை. பேசாத பொம்பளையை நம்பவே கூடாது, என்ன நினைக்கான்னே தெரியாதுல்லா.

ஜெபராணியும் பேச மாட்டா. ஆனா அது வேற. அவ 'ம்' சொல்லுவா. அந்த 'ம்'முல ஆயிரம் இருக்கும். நான் என் நாத்தனார் கதையைச் சொல்லுவேன், ஹெட்மிஸ்ட்ரஸ் கதையைச் சொல்லுவேன், பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை நம்ம வாசல்ல தள்ளுத கதையைச் சொல்லுவேன். அவ 'ம்... ம்...'ன்னு கேட்டுக்கிட்டே வருவா. ஆறு வருஷத்துல ஒரு நாளு கூட 'போதும் செண்பகம்'னு சொன்னதில்லை. அப்படி ஒரு சிநேகம் உங்களுக்கு எங்க கிடைக்கும், சொல்லுங்க.

தூத்துக்குடியில வருஷா வருஷம் ஒரு ரேஸ் நடக்கும். இருபத்தொரு கிலோமீட்டர். நாங்க ரெண்டு பேரும் ஆறு தடவை ஓடியிருக்கோம். கடைசிக் கோடு தெரிஞ்ச உடனே நான் கையை நீட்டுவேன், அவ பிடிச்சிக்கிடுவா. கையைக் கோத்துக்கிட்டே கோட்டைத் தாண்டுவோம். எங்க வீட்டு ஹால்ல வந்து பாருங்க, ஆறு சர்டிபிகேட் மாட்டியிருக்கேன். அவ வீட்டுலயும் ஆறு. ரெண்டுலயும் ஒரே நேரம்தான் போட்டிருக்கும், ஒரு விநாடி கூடக் குறைய இருக்காது. ரெண்டு மணி நாப்பது, ரெண்டு மணி நாப்பத்திரெண்டு, இப்படி. அந்தக் கோட்டுல நிக்கிற பிள்ளைங்களுக்குக் கூட எங்களைத் தெரியும். 'இரட்டை அக்காமாரு வந்தாச்சு'ன்னு மைக்குல சொல்லுவாங்க.

இப்போ போன வாரத்துக்கு வாரேன். ரேஸுக்கு முந்தின வாரம்.

திங்கக்கிழமை ஓட்டம் கிடையாது. ரேஸ் வாரத்துல காலுக்கு ஓய்வு கொடுக்கணும், அதுதான் முறை. நான் வீட்டுல இருந்து பிள்ளைங்களோட எம்பிராய்டரி நோட்டு திருத்திக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் விசேஷமில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தோம். லேசா ஆறு கிலோமீட்டர் ஓடணும்னு இருந்துச்சு. ரெண்டாவது ரவுண்டுல நான் ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்குக் கொடுத்த மெமோவைப் பத்திச் சொல்லிக்கிட்டு வாரேன். நல்ல இடம். அந்த அம்மா என்ன சொன்னான்னு சொல்ல வாயெடுக்கேன், அந்த வான்மதி எங்களைத் தாண்டிப் போறா. போறபோது சும்மா ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். ஜெபராணி என்னைப் பாத்து, 'ஏளா, ரெண்டு ரவுண்டு இவ கூடப் போயிட்டு வந்திருதேன், நீ மெதுவா வா'ன்னா. மெதுவா வாவாம். நான் என்ன கட்டை வண்டியா? அவ சொன்னது ரெண்டு ரவுண்டு. போனது அஞ்சு. நான் எண்ணுனேன். அந்த அஞ்சு ரவுண்டும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. நான் ஒவ்வொரு தடவை அவளுவ தாண்டுத போதும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். காலடிச் சத்தம்தான் கேட்டுச்சு.

அந்த மெமோ கதையை நான் இன்னும் யாருகிட்டயும் முடிக்கலை. வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன், ஒண்ணு கூட ஒழுங்கா வரலை. 'காலையிலேயே யாரு மேல இந்தக் கோபம்'னு அவரு கேட்டாரு. யாரு மேலயும் இல்லைன்னேன். பொறாமைன்னு நினைச்சிராதிய. எனக்கு அந்தக் குணமே கிடையாது. என் கூடப் பிறந்தவ வீடு கட்டினபோது கூட நான்தான் முன்னால நின்னு பால் காய்ச்சுனேன். இது பொறாமை இல்லை, இது வந்து, என்ன சொல்லுதது, என் தட்டுல இருந்து ஒருத்தி எடுத்துத் திங்கா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன். அப்படி.

வியாழக்கிழமைதான் எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி ஆச்சு. ஜெபராணிக்கு அன்னைக்கு காலை டூட்டி, வரலை. நான் தனியா நாலு கிலோமீட்டர் ஓடிட்டு வெளிய அந்த டீக்கடையில நின்னேன். இந்த மைதானத்துல யாரு வாரா, யாரு வரலைன்னு டீக்கடைக்காரருக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. தாடிக்காரர் நாயோட வாரது, ரிட்டயர் ஆனவங்க எல்லாம் வட்டமா நின்னு வேணும்னே சிரிக்கிறது, வக்கீல் வீட்டம்மா செருப்போட நடக்கிறது, எல்லாம் கணக்கு வச்சிருப்பாரு. அவரு டீயை ஆத்திக்கிட்டே, 'என்ன டீச்சர், நர்ஸம்மா இன்னைக்கு உங்க கூட வரலையா? நேத்து பறந்தாங்களே'ன்னாரு.

நேத்துன்னா புதன்கிழமை. புதன்கிழமை எங்க ரெண்டு பேருக்கும் ஓட்டம் கிடையாது.

'நேத்தா'ன்னேன். 'ஆமா. புதன், வெள்ளி ரெண்டு நாளும் அந்த ஒல்லிப் பிள்ளை கூட வருவாங்களே. மூணு நாலு மாசமா வாராங்களே, உங்களுக்குத் தெரியாதா'ன்னாரு. நான் தெரியாம என்ன, தெரியும்னு சொல்லி டீயைக் குடிச்சேன். நாலு மாசம். எனக்குத் தெரியாம. வியாழக்கிழமை என் கூட வந்து 'ம்... ம்...'ன்னு கேட்டுட்டு, வெள்ளிக்கிழமை அவ கூடப் போய் பறந்திருக்கா. புருசன் இன்னொருத்தி வீட்டுக்குப் போனா கூட எனக்கு இப்படி இருந்திருக்காது. அவரு போக மாட்டாரு, அது வேற விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபராணியே வீட்டுக்கு வந்தா. ரேஸுக்குப் போடுத பனியன் தோளுல லூசா இருக்கு, பிடிச்சுக் கொடுன்னு கொண்டுவந்தா. நான் ஒண்ணும் கேக்கலை. அவளாத்தான் சொன்னா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, நகத்தைப் பாத்துக்கிட்டு சொன்னா.

'செண்பகம், ஞாயித்துக்கிழமை நான் கொஞ்சம் முன்னால போகட்டுமா. எனக்கு அடுத்த மாசம் நாப்பத்தெட்டு முடியுது. என் காலுக்கு எவ்வளவு முடியும்னு ஒரே ஒரு தடவை பாத்துரணும்னு இருக்கு.'

'போயேன்'னேன். 'நான் என்ன உன்னைக் கயித்துலயா கட்டி வச்சிருக்கேன்.'

'கோவமா?'

'எனக்கென்ன கோவம். காப்பி குடிக்கியா?'

குடிச்சா. நல்லா குடிச்சா. சீனி ஒரு கரண்டி கூடப் போட்டேன், அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். கோவத்துலயும் சீனி மறக்கலை பாத்துக்கிடுங்க. அவ்வளவு நல்லவ நான்.

சனிக்கிழமை பஸ் பிடிச்சு தூத்துக்குடி போய் ரெண்டு பேருக்கும் நம்பர் வாங்கிட்டு வந்தேன். எப்பவும் நான்தான் வாங்குவேன், அவளுக்கு டூட்டி. நெஞ்சுல குத்திக்கிடுத நம்பர் அட்டை இருக்குல்லா, அதுக்குப் பின்னால சின்னதா ஒரு சிப் ஒட்டியிருப்பாங்க. நீங்க கோட்டைத் தாண்டுனா அந்த சிப்பு உங்க பேரையும் நேரத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டிரும். யாரு ஓடுனான்னு அதுக்குத் தெரியாது. நம்பர் எதுவோ, பேரு அது. என் நம்பர் ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு, அவ நம்பர் அதுக்கு அடுத்தது, பதினெட்டு. கவர்ல பேரு போட்டிருக்கும், அட்டையில பேரு கிடையாது.

பனியன்ல குத்துததும் நான்தான். ஆறு வருஷமா நான்தான். அவ குத்துனா கோணலா இருக்கும், ஓடும்போது படபடன்னு அடிக்கும். நான் நாலு மூலையிலயும் மடிச்சு, காத்து போகாம குத்துவேன். ரெண்டு பனியனையும் கட்டில்ல விரிச்சேன். ரெண்டும் இந்த மைதானத்துல ஓடுத எங்க குரூப் பனியன், ஒரே நீலம், ஒரே சைஸ். கவரைக் கிழிச்சேன். அந்த நேரம் மனசுல என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா, இந்தத் தோளைப் பிடிச்சுக் கொடுத்ததும் நான், நம்பர் வாங்க பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனதும் நான், இதைப் போட்டுக்கிட்டு அவ யாரு கூடவோ பறக்கப் போறா. ஊசியைக் குத்துனேன் பாருங்க, கட்டை விரல்ல ஏறிருச்சு. முப்பது வருஷமா ஊசி பிடிக்கிற கை.

அப்பத்தான் ரெண்டு நம்பரும் மாறியிருக்கணும். வேணும்னு செய்யலை. சாமி மேல சத்தியமா வேணும்னு செய்யலை. இதை நீங்க நம்பணும்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எங்க குரூப்பு வேன்ல போனோம். அவ பனியனை வேன்லயே கொடுத்தேன், வாங்கி மேல போட்டுக்கிட்டா. ஆரம்பிக்கிற இடத்துல நல்ல கூட்டம். ஜெபராணி என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு, 'முடிச்சுட்டு அங்கனயே நிப்பேன்ளா'ன்னு சொல்லிட்டு வான்மதி கூட முன்வரிசைக்குப் போயிட்டா. அப்போ என் போன்ல டிங்னு ஒரு மெசேஜ். ரேஸ்காரங்க அனுப்புனது. ஜெபராணி போனை வேன்லயே வச்சிட்டு வந்திருந்தா. 'வாழ்த்துகள் செண்பகவல்லி, உங்கள் எண் 2117.' நான் குனிஞ்சு என் நெஞ்சைப் பாக்கேன். பதினெட்டு.

ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல எட்டு பின்னைக் கழத்தி எட்டு பின்னைக் குத்த என்னால முடியும். ஜெபராணி எங்க நின்னான்னு கேக்கிய? பத்து அடி. பத்தே அடி. கூப்பிட்டா கேட்டிருக்கும். என் தொண்டை எப்படின்னு இந்த அரை மணி நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

கூப்பிடலை.

அவ அந்த வான்மதி காதுல ஏதோ சொன்னா, சொல்லிட்டு சிரிச்சா. பேசவே பேசாதவ, அவகிட்டப் போய் என்ன பேசுனா? எனக்கு உள்ள இருந்து பத்திக்கிட்டு வந்துச்சு. போகட்டும், எவ்வளவு வேகமாப் போவாளோ போகட்டும், எந்தப் பேருக்குப் போகுதுன்னு அப்புறம் பாப்போம்னு நினைச்சேன். நினைச்சேனா? நினைச்சேன். உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப் போகுது, நீங்க யாரு, நான் யாரு.

இருபத்தொரு கிலோமீட்டரும் தனியா ஓடுனேன். உப்பளம் பக்கமா ரோடு போகும், வெயிலு மூஞ்சியில அடிக்கும். பேச ஆளில்லை. தண்ணி கொடுத்த பிள்ளைகிட்ட 'எந்த ஊரும்மா'ன்னு கேட்டேன், அது அடுத்த ஆளுக்குத் தண்ணி கொடுக்கப் போயிருச்சு. பதினஞ்சாவது கிலோமீட்டர்ல நான் மெமோ கதையை எனக்கே சொல்லிக்கிட்டு ஓடுனேன்னா நீங்க சிரிப்பிய. ரெண்டு மணி நாப்பத்தோரு நிமிஷம் ஆச்சு. கோட்டுக்கு முன்னால பழக்கத்துல கை தானா நீண்டுச்சு. மடக்கிக்கிட்டேன்.

ஜெபராணி சொன்ன மாதிரியே அங்கன நின்னா. எனக்குத் தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தா. அவ முகத்தை நான் அப்படிப் பாத்ததே இல்லை. பல்லு தெரியச் சிரிக்கா. கண்ணுல தண்ணி வேற. 'ரெண்டு மணி ஆறு நிமிஷம், செண்பகம். வாட்ச்ல பாரு. ரெண்டு மணி ஆறு'ன்னு கையை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதா. ஆறு வருஷத்துல அவ ஒரே மூச்சுல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் அப்பவாவது சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். அதுக்குள்ள மைக்குல கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. 'பெண்கள், நாற்பத்தைந்து வயதுக்கு மேல். மூன்றாம் இடம். இரண்டு மணி ஆறு நிமிடம். பாளையங்கோட்டை செண்பகவல்லி.'

வான்மதியும் பக்கத்துலதான் நின்னா. ஜெபராணி மெதுவா குனிஞ்சு அவ நெஞ்சுல இருந்த நம்பரைப் பாத்தா. அப்புறம் என் நெஞ்சைப் பாத்தா. அந்த வான்மதிதான் முதல்ல பேசுனா. 'நம்பர் மாறிப் போச்சுக்கா. வாங்க, போய் சொல்லிடலாம்'னு ஒரு அடி எடுத்து வச்சிட்டா. ஜெபராணி அவ மணிக்கட்டைப் பிடிச்சா. அந்த ரேஸ்ல ஒரு விதி உண்டு. நம்பரை மாத்திப் போட்டு ஓடுனா ரெண்டு பேரு பேரையும் அடிச்சிருவாங்க, ரெண்டு வருஷம் சேத்துக்கிட மாட்டாங்க. அது எங்களுக்குத் தெரியும்.

'சொன்னா இவளாலயும் ஓட முடியாது'ன்னா ஜெபராணி. என்னைப் பாத்து, 'போளா, கூப்பிடுதாங்கல்லா'ன்னா.

போகாம இருந்திருக்கலாம். கால் வலின்னு சொல்லியிருக்கலாம், பாத்ரூம் பக்கம் போயிருக்கலாம். போனேன். மேடையில ஏறுனேன். மெடலைக் கழுத்துல போட்டாங்க, கையில ஒரு ஷீல்டு கொடுத்தாங்க. போட்டோ எடுத்தாங்க. உண்மையைச் சொல்லட்டுமா? நல்லா இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் எனக்கு எல்லாமே மறந்து போச்சு, நான்தான் ஓடுன மாதிரியே இருந்துச்சு. அப்புறம் கீழ பாக்கேன். ஜெபராணி கை தட்டிக்கிட்டு இருக்கா. வஞ்சகமில்லாம தட்டுதா. அதைப் பாத்ததும் எனக்கு அந்த மெடலு கழுத்துல கனமா போச்சு.

வேன்ல எப்பவும் போல என் பக்கத்துலதான் உக்காந்தா. ஜெபராணிக்கும் எனக்கும் நடுவுல இவ்வளவு நேரம் சத்தமில்லாம இருந்தது அன்னைக்குத்தான். வீட்டு முக்குல எறங்கும்போது ஷீல்டை அவகிட்ட நீட்டுனேன். 'இந்தா. உன்னோடது.'

'அது உன் பேருக்குல்லா கொடுத்தாங்க'ன்னா. அப்புறம் கேட்டா, 'வேணும்னு குத்துனியா?'

'இல்லை'ன்னேன். அது உண்மை.

'முன்னாலயே தெரியுமா?'

நான் ஷீல்டைத் தோள்பைக்குள்ள திணிச்சுக்கிட்டு இருந்தேன். அவ கோவமா சொல்லலை பாருங்க, டிரிப் ஏத்துதபோது நோயாளிகிட்டப் பேசுத குரல்ல சொன்னா. 'ஆறு வருஷம் உன் கூடவே ஓடுனேன்ளா. இன்னைக்கு ஒரு ரேஸ்தான் எனக்குன்னு ஓடுனேன்.' சொல்லிட்டு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

என் கூடவே ஓடுனாளாம். அதுக்கு என்ன அர்த்தம்? ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைக்கேன். நான்தானே அவளை விடியக்காலம் போன் போட்டு எழுப்பி இழுத்துக்கிட்டு வந்தேன். நான்தானே பேச்சுக் கொடுத்துக் கொடுத்து அலுப்புத் தெரியாம அவளை இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வச்சேன். இல்லைன்னா அவ என்னைக்கோ ஓட்டத்தை விட்டிருப்பா. யாரு யாரு கூட ஓடுனதுன்னு நீங்களே சொல்லுங்க. இப்போ என்ன, நான் அவ காலைக் கட்டிப் போட்ட மாதிரியும், அந்த வான்மதி வந்து அவுத்து விட்ட மாதிரியும்...

இருங்க. அந்தா கேட்டுல. வந்துட்டா.

ரெண்டு பேரும்தான் வாராளுவ. நீங்க அங்க பாக்காதிய, நாம பேசிக்கிட்டு வாரோம்னு நினைக்கட்டும். நேரா பாத்து ஓடுங்க. பக்கத்துல வாராளா? வாரா. என்னமோ கேக்க வாரா.

'ம்? இல்லளா, நீ போ. இவங்க ஊருக்குப் புதுசு. கூட்டிக்கிட்டு ஓடுதேன். ஆமா. நீ போ, நீ போ.'

கேட்டியளா? 'வாறியாளா'ங்கா. ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஞாயித்துக்கிழமை பத்தி ஒரு வார்த்தை இல்லை. அவ திட்டியிருந்தா கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். 'வாறியாளா'ன்னு எப்பவும் கேக்கிற மாதிரியே கேட்டா. நான் வரலைன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அஞ்சு மணியில இருந்து அதுக்குத்தானே காத்துக் கிடந்தேன். போயிட்டா. வேகம் பிடிச்சுட்டா.

கொஞ்சம் நிக்கேன் நான். நீங்களும் நில்லுங்க.

அங்க பாருங்க. அந்த மேக்கு வளைவுல. முன்னால போறதுதான் ஜெபராணி, வான்மதி பின்னால. ஆமா, வான்மதி பின்னால. முப்பது வயசுக்காரி இவளைப் பிடிக்க முடியாம வாரா. ஜெபராணி தோளு அசையுதா பாருங்க. அசையலை. காலு தரையில படுத சத்தம் கூட கேக்கலை. நாப்பத்தெட்டு வயசு, ராவெல்லாம் வார்டுல நின்ன காலு அது.

நான் இதைப் பாத்ததே இல்லை தெரியுமா. ஆறு வருஷம் அவ பக்கத்துல ஓடியிருக்கேன். பக்கத்துல ஓடுதவளை எங்க பாக்க முடியும்? நான் என் பேச்சைப் பாத்துக்கிட்டு ஓடுனேன். போன செவ்வாய் அவ தாண்டிப் போனபோதும் காதைத்தான் தீட்டுனேன். ரேஸ்ல அவ முன்னால போயிட்டா, அங்கயும் பாக்கலை. மூஞ்சியில சிரிப்பை மட்டும்தான் பாத்தேன். இவ்வளவு அழகா ஓடுவாளா அவ? வயிறு எரியுது எனக்கு. வான்மதி மேல இல்லை. அந்தக் காலு மேல. எனக்கு அந்த மாதிரி ஒரு ரவுண்டு, ஒரே ஒரு ரவுண்டு ஓட வராது. மெடலு எங்க வீட்டு ஆணியில தொங்கிக்கிட்டு இருக்கு. அந்த ஓட்டத்தை எப்படி நான் வாங்க முடியும்? அதைக் கையில பிடிச்சு வச்சிருந்தேன், ஆறு வருஷம். பிடிச்சு வச்சிருந்தேன்னுதான் சொல்லணும், வேற வார்த்தை எனக்கு வரலை.

நீங்க ஏன் இன்னும் நிக்கிய?

உங்களுக்கு வேர்க்கவே இல்லையே. எனக்கு முதுகெல்லாம் நனைஞ்சு கிடக்கு, உங்க நெத்தியில ஒரு பொட்டு வேர்வை இல்லை. இருபத்தொரு கிலோமீட்டர் எவ்வளவு நேரத்துல ஓடுவிய? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

அப்படியா. ரெண்டு மணிக்குள்ளயா.

முதல்லயே சொல்லியிருக்கலாம்லா. நான் பேசிக்கிட்டு இருந்தேன், சரி, சரி. எங்க விட்டேன் நான். போங்க. அவளுவ இந்தப் பக்கம் வாரபோது சேந்துக்கிடுங்க. ஜெபராணிகிட்ட, செண்பகம் அங்கன நின்னு உன்னையே பாத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க. வேண்டாம். ஒண்ணும் சொல்லாண்டாம். பேசாம ஓடுங்க. அவளுக்கு அதுதான் பிடிக்கும்.